பூந்தியின் பச்சைப் பட்டை

தெருவுக்கு ஒரு காவல் நாய் இருந்தது. மணல் ஈக்கள் முதலில் அதைத்தான் கடிக்கும். நோய் தொற்றினால் அதன் கழுத்துப் பட்டை சிவக்கும். அன்றே தெரு முழுவதும் கொசுவலைக்குள் படுக்கப் போய்விடும். அதனால் காவல் நாய் இரவில் வெளியில்தான் கிடக்க வேண்டும்.

சேவியர் வளர்த்த காவல் நாய் பூந்தியின் பட்டை பச்சையாகவே இருந்தது. எதிர்வீட்டு முத்துச்செல்வியின் மகளோ மணல் ஈக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"பச்சைய நம்பித்தான புள்ளைய வாசல்ல படுக்க வச்சேன்" என்றாள் முத்துச்செல்வி.

சேவியர் வீட்டு வாசலில் கால்நடை மருத்துவர் பூந்தியின் காதுகளைப் புரட்டிப் பார்த்தார். ஒரு கடிகூட இல்லை.

"ராத்திரி வெளியதான கட்டுதீங்க, தம்பி?"

"ஆமா டாக்டர்" என்றான் சேவியர்.

"பெறவென்ன, ஈயெல்லாம் சைவமாயிட்டுதா?"

மனைவி ரோஸ்லின் இறந்த பிறகு சேவியரால் ஓர் இரவுகூடத் தனியாகப் படுக்க முடிந்ததில்லை.

பொழுது சாய்ந்தது. பூந்தி சோம்பல் முறித்து எழுந்து வீட்டுக்குள் போனது. திறந்த கதவு வழியே மூவருக்கும் கட்டில் தெரிந்தது. பூந்தி வலையை மூக்கால் தூக்கி நுழைந்து, ரோஸ்லின் படுத்த பக்கத்தில் சுருண்டுகொண்டது.

"ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, வாரேன் டாக்டர்" என்றாள் முத்துச்செல்வி. சேவியரிடம் அவள் சொல்லிக்கொள்ளவில்லை.