மூன்று நிமிடத் தட்டு

ஷெரின் மெட்டமைத்த முதல் சினிமாப் பாட்டுக்குக் கடைசி வரி மட்டும் அமையவில்லை. மாலைக்குள் கொடுக்காவிட்டால் வாய்ப்பு வேறொருவருக்கு. ஒலிப்பதிவாளர் பெனடிக்ட் அவளைத் தேற்ற ஒரு பழைய கிராமபோன் தட்டைச் சுழலவிட்டார். ஷெரினுக்குப் புல்லரித்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட எத்தனையோ பாட்டுகளிலிருந்து தான் கோத்ததாக நினைத்திருந்த மெட்டு, அப்படியே, எண்பது வருடங்களுக்கு முந்தைய குரலில் ஒலித்தது.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே உன் பாட்டைத் திருடிட்டாங்க பாரு!"

"சும்மா இருங்கண்ணா, கடைசி வரி வருது."

வரவில்லை. அந்தக் காலத் தட்டில் மூன்று நிமிடம்தான் இடம். பாடகி அவசரமாக, அன்றைய வழக்கப்படி, "மணலூர் கமலவேணி" என்று தன் பெயரைச் சொல்லி முடித்துவிட்டாள். பிறகு முள்ளின் கரகரப்பு மட்டும். ஷெரின் கண்களை மூடி, அந்தக் கரகரப்பின் மேலேயே கடைசி வரியைப் பாடத் தொடங்கினாள். பெனடிக்ட் சத்தமில்லாமல் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.