பிணமாக நடித்தவர்

குடியிருப்புக்காரர்கள் போடும் நாடகத்தில் தணிகாசலத்துக்குப் பிணம் வேடம். வசனமே இல்லை என்பதால்தான் ஒப்புக்கொண்டார். அங்கே குடிவந்ததிலிருந்து யாரோடும் பேசியதில்லை. ஒப்பாரியை மட்டும் அவரவர் மனதிலிருந்து கட்டிப் பாடவேண்டும் என்பது ஏற்பாடு. ஒத்திகையில் கண்ணை மூடிக் கிடந்தார். பக்கத்துவீட்டு ரெஜினா தலைமாட்டில் உட்கார்ந்து மாரடித்தாள்.

“விடியக்காலம் நீங்க இருமுத சத்தம் கேட்டுத்தானே நான் அடுப்பு பத்தவைப்பேன்... பொங்கலன்னைக்கு இருமல் கேக்கலன்னு உங்க கதவுல காதை வச்சுக்கிட்டு நின்னேனே...”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மூடிய இமைகளைத் தாண்டிக் கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

“சார், பொணம் அழுவுது!” என்று யாரோ கத்தினார்கள். ரெஜினா சட்டென்று நிறுத்திவிட்டாள்.

பிணம் கண்ணைத் திறக்காமலே கேட்டது: “அப்புறம்?”