கணக்கறைக் கதவு

கணக்கறைக் கதவைக் கழற்றிவிடப் போவதாக மேலாளர் அறிவித்ததும், தானியக் கிடங்கின் அலுவலகமே வாய் பொத்திச் சிரித்தது.

உணவு இடைவேளை வந்தால் போதும், அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே இருக்கும் கணக்கரம்மாள் சாப்பிட்டு முடித்த பின்னரே திறக்கும். அதனால் அவருக்குப் 'பூட்டம்மா' என்று பெயர்.

“பங்கு கேட்டுடுவோம்னு பயம் சார்,” என்றார் எடைமேடைக்காரர். எந்நேரமும் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஒய்யாரமாக நிற்பதால் அவருக்குப் பெயர் 'துரை'. “நமக்கு அந்தக் கவலையே இல்ல. வீட்டுச் சாப்பாடுதான்.” தினமும் அப்படிச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் புறப்பட்டுவிடுவார்.

பூட்டம்மா மேலாளரின் எதிரில் வந்து நின்றார்.

“கதவ மட்டும் விட்ருங்க சார். வேணும்னா என் நாற்காலிய வெளிய போட்டுக்கறேன்.”

“இதத்தாம்மா சைலோன்னு சொல்றாங்க.” பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த சூடு மேலாளருக்கு இன்னும் ஆறவில்லை. “நம்ம முற்றத்துல தானியக் கோபுரம் நிக்குதே, அதே பேருதான். ஸ்பெயின்காரங்ககிட்டேருந்து இங்கிலீஷுக்கு வந்த வார்த்தை. அவங்களுக்கு முன்னாடி கிரேக்கர்கிட்ட இருந்துச்சும்பாங்க. தரையில குழி தோண்டி, தானியத்தக் கொட்டி, மேல மூடிடுவாங்க. அந்தக் குழிதான் சைலோ. இப்ப ஆபீஸ்ல அவங்கவங்க கதவச் சாத்திக்கிட்டு உக்காந்தா, அதுக்கும் அதே பேரு வச்சிட்டாங்க.”

“அந்தக் குழிய எதுக்கு சார் மூடினாங்க?”

“எதுக்கா? ஈரம், பூச்சி உள்ள போனா எல்லாம் கெட்டுடும்ல.”

“சரிங்க சார்,” என்று பூட்டம்மா கணக்கறைக்குத் திரும்பினார்.

மறுநாள் உணவு இடைவேளையில் தச்சர் வந்து சேர்ந்தார். மேலாளர் தாமே முன்னால் சென்று, தட்டாமலேயே கதவைத் திறந்தார்.

உள்ளே, முற்றத்துப் பக்கம் திறக்கும் சிறு கதவை ஒட்டித் துரை அமர்ந்திருந்தார். கழுத்தில் ஒரு துண்டு. மேசைமீது கிடந்த அவருடைய வலது கை தன்பாட்டுக்கு உதறிக்கொண்டிருந்தது. பூட்டம்மாவின் கையிலிருந்த கரண்டி அவர் வாயருகே நின்றது.

துரை அவசரமாகக் கையை மறைக்கப் பார்த்தார். அது பைக்குள் போக மறுத்தது.

“வீட்டுல யாரும் இல்லீங்க சார்,” என்றார் தலை குனிந்தபடி. “இடது கையால கம்ப்யூட்டர் தட்டிடறேன். சாப்பாடு மட்டும்... நாலு பேர் முன்னால சிந்திக்கிட்டு...”

“அந்தக் கேலியெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான் சார்,” என்றார் பூட்டம்மா. “அப்பத்தான் யாருக்கும் சந்தேகம் வராது. வாயத் தொறங்கண்ணே, ஆறுது. இன்னும் ரெண்டு வாய்தான் சார். அப்புறம் கதவக் கழட்டிக்கங்க.”

மேலாளர் வெளியே வந்து, சத்தமின்றிக் கதவைச் சாத்தினார்.

“கழட்டிடலாங்களா?” என்றார் சற்றுத் தள்ளி நின்ற தச்சர், திருப்புளியை உயர்த்தியபடி.

“வேணாம். உள்பக்கமா நல்ல தாழ்ப்பாள் ஒண்ணு போட்டுடுங்க. நாளைக்கிக் காலையில வந்தாப் போதும்.”

“கழட்டணும்னுதானே கூப்பிட்டீங்க?”

கூடம் முழுவதும் காது தீட்டிக் காத்திருந்தது. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஈரம், பூச்சி உள்ள போகுதாம்.”