இன்னும் கொஞ்ச நேரம்

வேலை முடிகிற நேரம் பார்த்துத்தான் மேனேஜர் தினமும் மீட்டிங் வைப்பார். இந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து இதே கதைதான்.

“வேற ஏதாவது பேசணுமா?” என்று அன்றும் இழுத்தார்.

கேஷியர் எழுந்து நின்றாள். “தப்பா எடுத்துக்காதீங்க சார். காலையில பேசினதையேதான் திரும்பப் பேசிட்டிருக்கோம். ஸ்கூல் விட்டப்புறமும் என் பொண்ணு தினமும் ஸ்கூல் வாசல்ல தனியா நிக்கிறா.”

மற்றவர்கள் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

“நானே கேட்டிருக்கணும்மா. மன்னிச்சிடுங்க. நாளையிலேருந்து இந்த மீட்டிங் கிடையாது. எல்லாரும் கிளம்புங்க.”

நாற்காலிகள் கடகடவென நகர்ந்தன. கிளார்க் வாசலில் திரும்பிச் சிரித்தார். “இனிமே நீங்களும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் சார். மேடம் சந்தோஷப்படுவாங்க!”

“ஆமாமா” என்று அவரும் சிரித்துவைத்தார்.

மனைவி இறந்த பிறகுதான் அவர் மாற்றல் கேட்டு வாங்கியிருந்தார். இங்கே யாரிடமும் அதைச் சொல்லவில்லை. வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல்தான் மீட்டிங்கை நீட்டிக்கொண்டிருந்தார்.

விளக்குகளை அணைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். பஸ் உடனே வந்தது. காலியாகத்தான் இருந்தது.

அதை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக நின்றார்.