தேதி தவறாத குடும்பம்

கப்பல் பாதி மூழ்கிவிட்டது. பெரியவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களாப்பா? பனிப்பாறை இருக்கு, பாத்துப் போங்கன்னு தந்தி மேல தந்தி வந்திருக்கு. கேட்டாத்தானே?” என்று திரையைத் தட்டினான் மூத்த மகன். மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து, பழைய விபத்துகளைக் காட்டித் திட்ட மேலாண்மை போதிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

பெரியவருடைய கட்டுமான நிறுவனத்தின் மேலாளர்கள் எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். சம்பளமே அதற்குத்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, அவர்கள் கட்டிவரும் மருத்துவமனையின் மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். நாற்பது வருடங்களில் சொன்ன தேதி தவறாத குடும்பம் என்று பெரியவர் போகுமிடமெல்லாம் மார்தட்டியிருக்கிறார். ஒரு நாள் தள்ளிப்போனாலும் மானம் போய்விடும்.

“வர்ற தந்தியைப் படிக்கக்கூட முடியாத அளவுக்கு என்ன திமிரு!” என்றார் பெரியவர். அவருக்கு வரும் கடிதங்களில் தலைப்பு வரியை மட்டும் உதவியாளர் வாசித்துக் காட்டுவார். மிச்சத்தைக் கேட்பது கௌரவக் குறைச்சல்.

அடுத்த படம் வந்தது. அதில் வெறும் எழுத்துதான்.

“இது எந்த விபத்து? வருஷமே போடலையே?” படங்களைத் தயாரித்த தங்கையைத் திரும்பிப் பார்த்தான் மகன். சைட் இன்ஜினியரான அவள், காலணியில் ஒட்டிய சிமென்ட்டோடு கடைசி நாற்காலியில் இருந்தாள்.

“முதல்ல லெட்டரைப் படிண்ணா. மத்ததை அப்புறம் சொல்றேன்.”

அவன் உரக்கப் படித்தான். “‘பொருள்: வேலையைப் பத்து நாள் தள்ளிவைத்தல். கீழ்த்தளம் இன்னும் இறுகவில்லை. நடுத்தூணில் விரிசல் தெரிகிறது. இந்த நிலையில் மேலே பாரம் ஏற்றினால், அடியில் நிற்கும் ஒருவரும் பிழைக்கமாட்டார்கள்.’ இதுக்கு மேலிடத்துப் பதில் என்ன தெரியுமாப்பா? ‘முடியாது.’ ஒரே வார்த்தை!”

“மண்டை பூரா களிமண்ணு, ஐயா!” என்றார் கொள்முதல் மேலாளர். அறை சிரித்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். “எத்தனை பேரும்மா செத்தாங்க?”

“கணக்கு இன்னும் வரலப்பா” என்றாள் மகள்.

“எப்படி வரும்? இந்த மாதிரி ஆளுங்க பிணத்தைக்கூட மறைச்சிடுவானுங்க. இவனையெல்லாம் பெரிய மனுஷன்னு நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க பாரு, அவங்களைச் சொல்லணும்!”

“கரெக்ட்ப்பா” என்றான் மகன்.

“நம்ம குடும்பத்துல ஒருத்தன் இப்படிச் செஞ்சிருந்தா வாசப்படி மிதிக்க விட்டிருப்பேனா? எவன் அவன்? பேரைச் சொல்லும்மா. அவன் பெத்த பிள்ளைங்க எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வெளியில நடமாடுதுங்கன்னு நானும் பாக்கறேன்.”

மகள் எழுந்து நின்றாள்.

“நீங்கதாம்பா. போன செவ்வாய்க்கிழமை.”