இரண்டு கதவு கார்

"என்ன மாப்பிள்ளை, மூணாவது தடவையா? உங்க காருக்கு என்னைப் பார்க்காம இருக்க முடியல போல!"

மெக்கானிக் அக்கா சிரித்தாள். பட்டறையில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். தான் ஆசை ஆசையாய் ஓட்டிய காரை மகள் கல்யாணத்தன்று அவனுக்குக் கொடுத்துவிட்டார் மாமனார்.

"அதே மஞ்சள் விளக்குதான் எரியுதுக்கா. நாளைக்குப் புகைச் சோதனை. தேறலன்னா ரோட்டுல ஓட்டக் கூடாது."

ஸ்கேனரை மாட்டினாள். புகையைப் பார்த்து எஞ்சினுக்குத் தகவல் சொல்ல வேண்டிய சென்சார் வாயே திறக்கவில்லை. திரையில் கோடு அசையாமல் கிடந்தது.

பானெட்டைத் திறந்தாள். சென்சாரின் பிளக் கழன்று தொங்கியது.

"போன தடவையும் இதேதான்! நான் அழுத்தி மாட்டினது தானா கழலாதே?"

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தான்.

"நீங்களா?"

"மெதுவாக்கா! வீட்டுல ரெட்டைக் குழந்தைங்க. ரெண்டு கதவு வச்ச கார்ல, பின் சீட்டுல ஒவ்வொண்ணையும் உட்கார வைக்கிறதுக்குள்ள இடுப்பே போயிடுது. வேற கார் வேணும்னு மாமாகிட்ட எந்த வாயால சொல்ல? ஞாயித்துக்கிழமை தவறாம வந்து, பானெட்டைத் திறந்து, தனியா நின்னு துடைச்சிட்டுப் போற மனுஷன்! இனி சரியாகாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"அட, நல்லாயிருக்கே கதை! நான் ரிப்பேர் பண்றவ. பொய் சொல்லி நல்ல வண்டியைக் கொல்லச் சொல்றீங்களா?"

பிளக்கை மாட்டினாள். அப்போதும் கோடு அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். பிளக்குக்குச் சற்று மேலே ஒயர் இரண்டாகக் கிடந்தது.

"பிளக்கைப் பிடுங்கினது போதாதா? ஒயரை வேற வெட்டணுமா?"

"ஐயோ, சத்தியமா நான் வெட்டலக்கா!"

"அப்ப எலியா இருக்கும்" என்றாள். எலி இவ்வளவு நேராகக் கடிக்குமா என்று அவளுக்கே சந்தேகம்தான். ஒயரைப் பற்றவைத்து, டேப் சுற்றி, எஞ்சினை ஓடவிட்டாள். திரையில் கோடு மேலும் கீழும் துள்ளியது. மஞ்சள் விளக்கும் அணைந்தது.

மாப்பிள்ளையின் முகமும் அணைந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வந்தார். "என்னம்மா, வண்டி தேறுமா?"

"ஜம்முனு தேறும்!"

"பிழைச்சிடுச்சு மாமா! நான் பயந்தே போயிட்டேன்!" மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, கை கழுவ நழுவினான்.

அவன் தலை மறைந்ததும் மாமனார் அவள் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, உனக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா? பேரப் பிள்ளைங்களுக்கு நாலு கதவு வச்ச காரா வாங்கிக் கொடுக்கலாம்னு பார்த்தா, மாப்பிள்ளை இதையே உசிரா வச்சிருக்காரு. அவர் மனசு நோகக் கூடாதேன்னு ஞாயித்துக்கிழமை நான் கஷ்டப்பட்டு வெட்டின ஒயரைப் போய் ஒட்டி வச்சிருக்கியே!"