எண்பத்தைந்து கிலோ

"உங்க எடை எவ்வளவு?"

பட்டறைக்காரி இங்வில் சாதாரணமாகத்தான் கேட்டாள். நாற்பது வருஷத்து மோட்டார் சைக்கிள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கும் எண்ணெயும் மாற்ற வேண்டும். ஓட்டுபவரின் எடைக்குத் தகுந்த ஸ்பிரிங்தான் போடுவார்கள்.

வண்டிக்குச் சொந்தக்காரன் ஒட்வார் திரும்பிப் பார்த்தான். மோட்டார் சைக்கிள் சங்கத்து ஆட்கள் நாலு பேர் காபிக் கோப்பையோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எண்பத்தஞ்சு," என்றான், வயிற்றை எக்கிக்கொண்டு.

"ஒத்தக் காலால நின்னு எடை பாத்தியாடா?" என்றான் ஸ்வெர்ரெ. எல்லோரும் சிரித்தார்கள்.

இங்வில் சிரிக்கவில்லை. அவனை வண்டியில் உட்காரச் சொல்லி, டேப் வைத்து ஏதோ அளந்தாள். வாடிக்கையாளர் அட்டையில் 85 என்று எழுதினாள்.

நிஜம், நூற்றுப் பன்னிரண்டு.

சனிக்கிழமை வண்டியை எடுக்கப் போனபோதுதான் பயம் பிடித்தது. மறுநாள் சங்கத்துப் பயணம். மலையேறி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். பின்னால் மனைவி மாரித் வேறு.

"ஸ்பிரிங் எடைக்குப் பத்தலேன்னா என்ன ஆகும்?" பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டான்.

"இறக்கத்துல பிரேக் அடிச்சா முன்பக்கம் மொத்தமா அமுங்கிடும். அப்புறம் வண்டி உங்க பேச்சக் கேக்காது."

"கெட்டியான எண்ணெய் ஊத்தினா?"

"எண்ணெய் ஆட்டத்தத்தான் அடக்கும். எடையத் தாங்குறது ஸ்பிரிங். ஏன் கேக்குறீங்க?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். வாசலில் ஸ்வெர்ரெ நின்றிருந்தான்.

"சும்மாதான்."

ஞாயிற்றுக்கிழமை, மலை உச்சிக் கடையில் ஒட்வார் தட்டில் இருந்த வாஃபிளைத் தொடவே இல்லை.

"என்னங்க, உடம்பு சரியில்லையா? இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குது!" என்றாள் மாரித்.

"எடையக் குறைக்கிறேன்."

"இன்னிக்கேவா?"

இறக்கம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டான். மாரித் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள்.

நாலாவது வளைவு. நடுரோட்டில் ஓர் ஆடு, இரண்டு குட்டிகளோடு.

போச்சு! முழு பலத்தோடு பிரேக்கை அழுத்தினான்.

வண்டி கொஞ்சமாய்த் தலை குனிந்து, ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் நேராக நின்றது.

மாரித் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

அதைக் கேட்டதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை பட்டறை திறக்கும்போதே வாசலில் நின்றான்.

"பொய் சொல்லிட்டேன் இங்வில். நூத்திப் பன்னெண்டு கிலோ. என் வறட்டு கௌரவத்துக்கு மாரித்தக் கொல்லப் பாத்தேன். அந்த ஸ்பிரிங்க உடனே மாத்திடுங்க."

"எதுக்கு? அன்னிக்கு உங்கள உக்கார வச்சு அளந்தப்பவே வண்டி அமுங்கினது உண்மையச் சொல்லிடுச்சு. நான் போட்டதே நூத்திப் பத்து கிலோவுக்கானதுதான்."

"அட்டையில எண்பத்தஞ்சுன்னு எழுதினீங்களே?"

இங்வில் மேசை டிராயரை இழுத்துக் காட்டினாள். கட்டுக் கட்டாக அட்டைகள். மேலே இருந்தது ஸ்வெர்ரெயுடையது: 85. அடுத்ததும் 85. அதற்கடுத்ததும்.

"இந்த ஊர் ஆம்பளைங்க எல்லாருமே எண்பத்தஞ்சு கிலோதான். அந்த எடைக்கு ஸ்பிரிங் நான் இதுவரைக்கும் வாங்கினதே இல்ல."